பாட்டு நான் கட்டியது, மெட்டு ஊரோடது

2016ஆம் வருஷம் எங்கள் ஊர்க் கண்மாயில் முளைப்பாரி கரைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி அதில்தான் கரைத்தோம். உசிலம்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வறட்சி மறந்திருக்காது. வைகை அணையிலிருந்து 58 கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை வருஷக்கணக்காக எதிர்பார்த்துக் கிடந்தோம். அந்த வருஷக் கும்மிக்கு நான் கட்டிய பாட்டு இப்படித் தொடங்கும்:

அம்பத்தெட்டு ஊருக்குன்னு வாய்க்கா வெட்டினாக – அதுல
ஆட்டுக்குட்டி ஓடுதடி, தண்ணி ஓடக் காணோம்

நான் ஒரு அடி சொல்ல, மற்ற பெண்கள் கைதட்டித் திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது ராத்திரிக்குள் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். அடுத்தடுத்த சீசனில் பக்கத்து ஊர்ப் பொங்கலிலும் அதைப் பாடினார்கள். எனக்குச் சந்தோஷம்தான். பங்குனி, சித்திரை, வைகாசியில் மேடைக்குப் போவதும் மற்ற மாதங்களில் களை எடுக்கப் போவதுமாக இருக்கிற எனக்கு, நான் கட்டிய பாட்டு எனக்கு முன்னால் ஓர் ஊருக்குப் போய்ச் சேருவது பெரிய விஷயம்.

அப்புறம் ஒரு ஆடியோ கம்பெனி அதை வேறொரு குரலில் பதிந்து யூடியூபில் போட்டது. பாடல் ஆசிரியர் என்ற இடத்தில் 'பாரம்பரியம்' என்று இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் சேனலில் நானே அந்தப் பாட்டைப் பாடிப் போட்டதும், இரண்டாவது நாள் அந்தக் கம்பெனி பேரில் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நின்றது. மெட்டு அவர்களுடையதோடு பொருந்துகிறதாம்.

என் அண்ணன் மகள்தான் அந்த அறிவிப்பைப் படித்துச் சொன்னாள். "அத்தே, மறுக்கலாம். ஆனா காரணம் எழுதணும். மெட்டு யாரோடது?" என்றாள். அது என் அப்பத்தா நாற்று நடும்போது பாடிய மெட்டு. அவருக்கு அது யார் சொல்லிக்கொடுத்ததோ! அது பொதுவில் இருக்கிற மெட்டு, யாரும் தனக்கென்று கேட்க முடியாது என்று எழுதி அனுப்பினோம். கோரிக்கை வைத்தவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அந்தக் கம்பெனி வாயே திறக்கவில்லை. கோரிக்கை தானாக விழுந்துவிட்டது.

ஆனால் 'பாரம்பரியம்' அப்படியே இருந்தது. பாரம்பரியம் என்றால் எனக்கு உயிர். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மாவும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துப் பாடிய பாட்டுகள்தான் எனக்கு மேடை ஆசையைக் கொடுத்தவை. 2018இல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் செட்டில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் சேர்த்தவை யார் கட்டியது என்று தெரியாத பாட்டுகள். என் பாட்டைக் கட்டியவள் உயிரோடு, அதே ஊரில் இருக்கிறேன். அதை எப்படிப் பேரில்லாத பாட்டு என்பது?

அதனால் பாட்டின் பதிப்புரிமையை என் பேரில் பதிவு செய்ய முடிவு செய்தோம். பதிவு இல்லாமலே எழுதியவருக்கு உரிமை உண்டு, அது கட்டாயமில்லை என்று ஒரு வக்கீல் தம்பி சொன்னார். ஆனால் நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தச் சான்றிதழ் முதல் சாட்சியாக நிற்கும். உரிமை என் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் இருக்கும் என்றும் சொன்னார். டெல்லியில் இருக்கிற பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு தனியாக ஓர் இசைப் படைப்பு. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், தலைக்கு 500 ரூபாய். ஒலிப்பதிவையும் பதிவதென்றால் அதற்கு 2,000.

கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து வரிகளுக்கான 14ஆம் படிவத்தை நிரப்பினோம். பேர், முகவரி, மொழி, எந்த வருஷம் வெளியானது என்பதெல்லாம் சட்டென்று முடிந்தது. பிறகு ஒரு கேள்வி: இது சொந்தப் படைப்பா, மொழிபெயர்ப்பா, தழுவலா? வரிகளுக்குத் தயங்காமல் சொந்தம் என்று குறித்தாள் அண்ணன் மகள். மெட்டுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம், இன்னும் 500 ரூபாய்தானே என்றார் சென்டர்காரர். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. அந்தக் கம்பெனியின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாமே. ஆனால் அப்பத்தா சேற்றில் குனிந்தபடி அந்த மெட்டை இழுப்பது காதில் கேட்டது. 'என் சொந்தம்' என்று அதற்குக் குறித்தால் அந்தக் கம்பெனி செய்ததைத்தானே நானும் செய்கிறேன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாட்டை முதலில் எழுதிய நாற்பது பக்க நோட்டு கையில் இருந்தது. முளைப்பாரிக்கு வசூல் எழுதிய பக்கத்துக்குப் பின்னால், விளக்கெண்ணெய்க் கறையோடு, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன். முதலில் 'வெள்ளாடு ஓடுதடி' என்றுதான் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்தினோம்.

விண்ணப்பம் போனதும் ஒரு டைரி எண் வரும். அதைத் தொலைக்கக் கூடாது, பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான். யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு பரிசீலனையில் ஒரு கடிதம் வந்தது. ஒரு தாளில் என் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. திருப்பி அனுப்பினோம். ஏழு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. அதில் என் பேரைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் களைவெட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கம்பெனிக்கு நகலை அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பேரை இன்னும் மாற்றவில்லை, நானும் விடப்போவதில்லை. கும்மியில் யார் பாடினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, காசும் வேண்டாம். மேடையில் ஏறினால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்: "பாட்டு நான் கட்டியது, மெட்டு எங்க ஊர்ப் பொம்பளைகளோடது."

இப்போது ஒரு தாலாட்டு கட்டியிருக்கிறேன். அதற்கு மெட்டும் நானே போட்டது. இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்கிறாள் அண்ணன் மகள். பாடிப் பார்த்தால் மூன்றாவது அடியின் முடிவில் மட்டும் அப்பத்தாவின் அந்த இழுப்பு வந்துவிடுகிறது. அதை மாற்றிப் பாடவும் மனசு வரவில்லை. மெட்டுக்கான படிவம் இன்னும் நிரப்பாமல் கிடக்கிறது.