லைசென்ஸ் யார் பேரில்? வெளிநாட்டுக் கடலுக்குக் கூட்டாளி தேடிய அனுபவம்

படகு இருந்தது. ஆயிரங்கால் தூண்டில் போடத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். மீனை எடுத்துக்கொள்ள வியாபாரிகூட இருந்தார். இல்லாதது கடல்தான்.

1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, கரையிலிருந்து 200 கடல் மைல் வரைக்கும் மீன்வளம் அந்தந்தக் கடலோர நாட்டின் கையில். அந்த நாடு தன்னால் பிடிக்க முடிந்தது போக மீதி இருந்தால், அதை ஒப்பந்தம் போட்டு வெளியாருக்குத் திறந்துவிட வேண்டும் என்கிறது 62-ஆம் பிரிவு. மீதி எவ்வளவு என்று முடிவு செய்வதும் அதே நாடுதான். ஆகவே வெளியிலிருந்து போகிறவருக்கு உள்ளூரில் ஒரு கை வேண்டும். சில நாடுகளில் சட்டமே அப்படித்தான் கேட்கிறது. சட்டம் கேட்காத இடத்திலும் துறைமுகம், ஐஸ், டீசல், அதிகாரிகளின் அலுவலகம் என்று நடக்க ஆள் இல்லாமல் முடியாது.

எங்கே தேடுவது என்று பலர் கேட்கிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. பார்சிலோனாவில் நடக்கும் கடலுணவுக் கண்காட்சி, பாங்காக்கில் நடக்கும் சூரை மீன் (டூனா) மாநாடு மாதிரியான இடங்களுக்குப் போனால் ஒரே நாளில் சட்டைப்பை நிறைய விசிட்டிங் கார்டு சேர்ந்துவிடும். அந்தந்த நாட்டு மீன்வள அமைச்சகத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, ஏற்றுமதி உரிமம் உள்ள ஆலைகளின் பட்டியலைக் கேட்பது இன்னும் நல்லது. ஆள் கிடைப்பது சுலபம், சலிப்பதுதான் வேலை.

முதலில் அகப்பட்டவர் ஒரு தரகர். "லைசென்ஸ் ரெடி, முன்பணம் மட்டும் போட்டால் போதும்" என்றார். முத்திரை, கையெழுத்து எல்லாம் உள்ள ஒரு ஸ்கேனும் அனுப்பினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மீன்பிடி லைசென்ஸ் என்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட படகுக்குத் தரப்படுவது. படகின் பெயர், பதிவு எண், என்ன வலை அல்லது தூண்டில், எந்தப் பகுதி, எத்தனை நாள் எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். இவர் அனுப்பியதில் படகின் பெயருக்கான இடம் காலி. நிறுவனத்தின் பெயரும் அவருடையதல்ல. "அமைச்சகத்திலிருந்தே எனக்கு ஒரு வரி உறுதிக் கடிதம் வரட்டும், பணத்தை அன்றே போடுகிறேன்" என்றேன். அப்புறம் அவர் போனை எடுக்கவில்லை.

அடுத்தவர் நிஜமான ஆள்தான். சொந்தமாகக் கப்பல்கள், கரையில் அலுவலகம், பேச்சில் தெளிவு. அவருடைய கப்பல் ஒன்றும் என் படகும் சேர்ந்து தொழில் செய்யலாம் என்றார். நான் கப்பலின் ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் கேட்டேன். பெயர் மாறும், கொடி (அதாவது கப்பலைப் பதிவு செய்த நாடு) மாறும், முதலாளி மாறுவார். இந்த ஏழு இலக்க எண் மட்டும் கப்பலை உடைக்கும்வரை மாறாது. எண் சரியா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் 1234567 என்று எழுதினாலும் இந்தக் கணக்கில் தேறிவிடும். போட்டுப் பாருங்கள், 77 வரும். எழுத்துப் பிழையைப் பிடிக்கத்தான் இந்தக் கணக்கு. திருட்டைப் பிடிக்கப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். அந்தக் கடலில் சூரை பிடிப்பை ஒழுங்குபடுத்தும் நாடுகளின் அமைப்பான இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் அனுமதி பெற்ற படகுகள் பதிவேடு பொதுவில் இருக்கிறது. இதுபோன்ற எல்லாப் பிராந்திய மீன்வள அமைப்புகளின் சட்டவிரோதப் படகுப் பட்டியல்களையும் ஒன்றாகச் சேர்த்த தொகுப்பும் இணையத்தில் இருக்கிறது.

அவர் கப்பல் எந்தக் கருப்புப் பட்டியலிலும் இல்லை. ஆனால் குறுகிய காலத்தில் பலமுறை பெயரும் கொடியும் மாறியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "உங்கள் படகையும் இதே கொடிக்கு மாற்றிவிடலாம், கட்டணம் குறைவு, கேள்வி கேட்கமாட்டார்கள்" என்றார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் உறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் இறக்குமதி மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ், அதாவது சட்டப்படி பிடித்த மீன் என்ற சான்று, கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது மீன் பிடித்த கடலின் நாடு அல்ல, படகு எந்தக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடு. கொடி நாட்டுக்கு ஒன்றியத்தின் சிவப்பு அட்டை, அதாவது மீன் இறக்குமதித் தடை, விழுந்தால் நம் மீனும் வெளியேதான். இலங்கைக்கு 2015-இல் அப்படித் தடை வந்து, 2016-இல் நீங்கியது. அதுவரை ஒழுங்காகத் தொழில் செய்தவரின் மீனும் அந்தச் சந்தைக்குப் போகவில்லை. கேள்வி கேட்காத கொடி மலிவு போலத் தெரியும், விலை பின்னால் வரும். மரியாதையாக விலகிக்கொண்டேன்.

மூன்றாமவர் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையின் முதலாளி. என்னைவிட வயதில் மூத்தவர். இவரிடம் நான் கேள்வி கேட்கவே வாய்ப்பில்லை, அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். என் படகின் செயற்கைக்கோள் கண்காணிப்புத் தடம் வேண்டும் என்றார். பழைய பிடிப்புக் குறிப்பேடுகள் வேண்டும் என்றார். படகில் போகிறவர்களோடு போட்ட வேலை ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றார். மீன்பிடித் தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் எந்த 24 மணி நேரத்திலும் பத்து மணி நேரமாவது ஓய்வு வேண்டும். வாங்குகிறவர்கள் இப்போது அதையும் பார்க்கிறார்கள் என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு கேட்கிறவர் மற்றவர்களிடமும் கேட்டிருப்பார், அவருடைய காகிதங்களும் சுத்தமாக இருக்கும் என்று பட்டது. அப்படியே இருந்தன. ஐரோப்பாவுக்கு மீன் அனுப்ப ஏற்கப்பட்ட ஆலைகளின் பட்டியலில் அவர் ஆலைக்கு எண் இருந்தது. நானே தேடிச் சரிபார்த்தேன்.

ஆலைக்கு என்னைக் கூப்பிட்டுத் தரம் பார்ப்பதைக் காட்டினார். மஞ்சள் துடுப்புச் சூரையை மேசையில் கிடத்தி, பக்கத் துடுப்புக்குப் பின்னால் மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றைச் செருகி உருவுகிறார்கள். பென்சில் கனத்தில் சதை வருகிறது. அதை வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்த்து, கொஞ்சம் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக் கொழுப்புப் பார்க்கிறார்கள். வாலருகே ஒரு வெட்டு. மொத்தமே அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் ஒரு மீன் பச்சையாகச் சாப்பிடும் தரமா, வறுவலுக்கா, டின்னுக்கா என்று முடிவாகிவிடுகிறது. அங்கே நின்றபோதுதான் பேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. மீனை வாங்குகிறவரும் அவர், தரம் போடுகிறவரும் அவர் ஆள். இலாபத்தில் எனக்குப் பாதிப் பங்கு தந்துவிட்டு, தரத்தை ஒரு படி இறக்கினால் பங்கு எங்கே போகும்?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மீன் இறங்கும் இடத்தில் இருவருக்கும் சம்பந்தமில்லாத வேறொருவர் தரம் போடுவது, அவருக்கான கூலி இருவர் கணக்கிலும் பாதிப் பாதி என்று எழுதிக்கொண்டோம். இலாபம் என்ற வார்த்தையையே ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டோம். டீசல், ஐஸ், இரை, லைசென்ஸ் கட்டணம் என்று பொதுச் செலவுகளைப் பெயர் சொல்லி எழுதி, அவை போக மிச்சத்தில் பங்கு. பட்டியலில் இல்லாத செலவைச் செய்தவரே சுமக்க வேண்டும்.

மற்ற ஷரத்துகளில் இழுபறி ஆனது ஜாமீன் விஷயத்தில்தான். கடலோர நாடு படகைப் பிடித்தால், நியாயமான ஜாமீன் கட்டியதும் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும் என்று கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டுவது யார்? எல்லை மீறியது படகோட்டியின் தவறென்றால் நான், லைசென்ஸ் காகிதத்தில் கோளாறென்றால் அவர் என்று பிரித்தோம். தவறு யாருடையது என்று தெரியாதவரை? அங்கே அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். கடைசியில் இருவரும் பாதி போட்டு ஆட்களை முதலில் வெளியே எடுப்பது, வழக்கு அப்புறம் என்று முடிந்தது. சண்டை வந்தால் எந்த ஊர் நீதிமன்றமும் வேண்டாம், மூன்றாம் நாட்டில் நடுவர் தீர்ப்பாயம் என்றோம். நடுவர் தீர்ப்புகளுக்கான 1958-இன் நியூயார்க் உடன்படிக்கையால், அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலான நாடுகளில் நிறைவேற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது.

இத்தனையும் பேசியபின் அவர் கேட்டது கூட்டு நிறுவனம். படகு அவர் நாட்டுக் கொடிக்கு மாறினால் லைசென்ஸ் எளிது, கட்டணமும் குறைவு. அது உண்மைதான். ஆனால் கொடி மாறிய படகைத் திருப்பிக் கொண்டுவர அந்த நாட்டுப் பதிவிலிருந்து நீக்கல் சான்றிதழ் வேண்டும். கூட்டு நிறுவனத்தில் கூட்டாளி கையெழுத்து இல்லாமல் அது கிடைக்காமலே போகலாம். லைசென்ஸ் அவர் பேரில், ஆலை அவர் பேரில், படகும் பாதி அவர் பேரில் என்றால் பிரிகிற நாளில் என் கையில் என்ன இருக்கும்?

அதனால் நான் சார்ட்டர், அதாவது படகை வாடகைக்கு விடும் ஒப்பந்தம், கேட்டேன். படகு என் கொடியிலேயே ஓடும், பிடிப்பு அவர் நாட்டுக் கணக்கில் சேரும். சூரை ஆணையத்தின் விதி இதை அனுமதிக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு சார்ட்டர் கூடாது. பதிவேட்டுக்கான நீள வரம்பு 24 மீட்டர், என் படகு அதற்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் சொந்த நாட்டின் 200 மைல் மண்டலத்துக்கு வெளியே போவதால் ஆணையத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டியிருந்தது. ஏறும்வரை படகு சும்மா நின்றது, ஆட்களுக்குக் கூலி ஓடியது. இந்தக் காத்திருப்புச் செலவை முதலிலேயே கணக்கில் வையுங்கள், இல்லையென்றால் அவசரத்தில் எதிலாவது கையெழுத்துப் போடத் தோன்றும்.

இப்போது ஒரு பருவம் ஓடியிருக்கிறது. கணக்கு நேராக வந்தது, ஒரு டீசல் பில் தவிர. அதுவும் பேசித் தீர்ந்தது. கொடி மாற்றும் பேச்சை அவர் மறுபடியும் எடுத்திருக்கிறார். நீக்கல் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, இருவருக்கும் பொதுவான வக்கீலிடம் வைத்தால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தன் வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.