அப்பாவின் பட்டியலில் இருந்த 7/20

சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பின்கட்டின் ஒயரிங்கை மாற்ற வேண்டி வந்தபோது, அப்பாவின் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒயர்மேனாக வேலை பார்த்த அவர், 1979இல் இந்த வீட்டுக்குத் தாமே ஒயரிங் செய்தபோது எழுதிய சாமான் பட்டியல் அதில் இருந்தது. 7/20 ஒரு காயில் (ஒயர்ச் சுருள்), 3/20 இரண்டு காயில், 3/22 நான்கு காயில், எர்த்துக்கு 14 கேஜ் செம்புக் கம்பி என்று சாய்ந்த கையெழுத்தில் நான்கே வரிகள். அந்தத் தாளையே கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னண்ணா, தேதியா?" என்று கேட்டார். உள்ளே இருந்த முதலாளி எட்டிப் பார்த்து, "செவன் ட்வென்டின்னா நாலு எம்எம் எடுத்துக் குடுப்பா" என்றார். அந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இருபது ஆண்டுகளாக மின்பணி ஒப்பந்தங்களில் மேற்பார்வையாளராக இருக்கும் நான், இந்தப் பிழைகளை ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்திலும் கேட்டுக்கொண்டிருப்பதால், அவற்றை விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

கோட்டுக்கு முன்னால் இருக்கும் எண், ஒயருக்குள் எத்தனை இழைகள் என்பதைச் சொல்லும். பின்னால் இருக்கும் எண், ஒவ்வோர் இழையும் எந்தக் கேஜ் என்பதைச் சொல்லும். இந்தக் கேஜ், பிரிட்டனில் 1884ஆம் ஆண்டு சட்டப்படி நடைமுறைக்கு வந்த ஸ்டாண்டர்டு ஒயர் கேஜ் ஆகும். அதில் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். பொற்கொல்லர்கள் கம்பியச்சின் துளைகளில் தங்கத்தை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மெலிதாக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; அதிகத் துளைகளில் இழுபட்ட கம்பி அதிகம் மெலிந்திருக்கும். 20 கேஜ் கம்பியின் விட்டம் 0.914 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.711 மில்லிமீட்டர். ஆகவே 7/20 என்பது 0.914 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஏழு இழைகளை முறுக்கிச் செய்த ஒயர்.

பின்கட்டிலிருந்து கழற்றிய பழைய ஒயரில் ஒரு சாண் நறுக்கி, மேலே இருந்த பிவிசி காப்பைச் சீவிப் பார்த்தேன். நடுவில் நேராக ஓர் இழை. அதைச் சுற்றி ஆறு இழைகள், இடைவெளியே இல்லாமல், முறுக்கு மாறாமல் அணைத்துக்கொண்டிருந்தன. ஒரே அளவுள்ள வட்டங்களில் ஒன்றைச் சுற்றி மிகச் சரியாக ஆறுதான் அமரும் என்பதால்தான் அந்த ஏழு. அதற்கு மேல் இன்னொரு சுற்றுப் போட்டால் பன்னிரண்டு சேர்ந்து 19, அடுத்த சுற்றில் பதினெட்டு சேர்ந்து 37. பெரிய கேபிள்களில் இந்த எண்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

தமிழில் இவற்றுக்குச் சொற்கள் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கயிறு திரிப்பவர்கள் புரி என்றும் முறுக்கு என்றும் சொல்வதைத்தான் கேபிள் தொழிற்சாலையில் ஸ்டிராண்டு என்றும் லே என்றும் சொல்கிறார்கள். பல புரிகள் சேர்ந்த பெருங்கயிற்றுக்கு வடம் என்று பெயர்; தேரை இழுப்பது அதைக் கொண்டுதான். மின்வாரிய அறிவிப்புகளில் நிலத்தடிக் கேபிளைப் புதைவடம் என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கம்பிக்கும் வடத்துக்கும் உள்ள வேறுபாடே ஒயருக்கும் கேபிளுக்கும் உள்ள வேறுபாடு: ஒயர் என்றால் ஒரு கடத்தியும் அதன்மேல் ஒரு காப்பும், கேபிள் என்றால், பெரும்பாலும், காப்பிட்ட பல கடத்திகள் ஒன்றுசேர்ந்து, மேலே ஓர் உறையும், மண்ணில் புதைப்பதானால் எஃகுக் கவசமும் பெற்றது. காப்பு மின்சாரத்தை உள்ளே நிறுத்துவது. உறை வெளியிலிருந்து வரும் அடியையும் ஈரத்தையும் தடுப்பது. இரண்டையும் "தோல்" என்று ஒரே சொல்லால் சொல்வதால்தான், உறையில்லாத ஒயரைச் சிலர் பைப் போடாமல் நேரடியாகச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள்.

இனி முதலாளி சொன்ன "எம்எம்". நாம் இரண்டரை எம்எம், நாலு எம்எம் என்று சொல்வதெல்லாம் உண்மையில் சதுர மில்லிமீட்டர். விட்டமன்று, கம்பியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பு. எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர், வெர்னியர் காலிப்பரோடு ஓடிவந்து, "சார், நாலு எம்எம்னு வாங்கினோம், செம்பு ரெண்டரைகூட இல்லை, கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்றார். அவர் அளந்தது 4 சதுர மில்லிமீட்டருக்குரிய ஒற்றைக் கம்பி. அதன் விட்டம் 2.26 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். விட்டமே 4 மில்லிமீட்டர் உள்ள கம்பியின் பரப்பு 12.57 சதுர மில்லிமீட்டர், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அந்த மாணவர் மேல் தவறில்லை. "சதுர" என்ற ஒரு சொல்லை நாங்கள் எல்லோரும் சேர்ந்து விழுங்கியதன் விளைவு அது.

பரப்பைக்கூட யாரும் அளந்து சான்றளிப்பதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கடத்திகளுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 8130, ஒயரின் அளவை அதன் மின்தடையைக் கொண்டே உறுதிசெய்கிறது. இப்போது வீடுகளுக்கு நாம் வாங்கும், மெல்லிய இழைகள் நிறைந்த, ஐந்தாம் வகுப்புச் செம்பு ஒயரில், 4 சதுர மில்லிமீட்டர் என்று அச்சிட்டால், 20 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோமீட்டருக்கு 4.95 ஓமுக்கு மேல் தடை இருக்கக் கூடாது, 6க்கு 3.30 ஓம். ஆகவே 4 என்பது ஒயருக்கு வைத்த பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கும் வாக்குறுதி இந்தத் தடைதான். தூய்மை குறைந்த செம்பைப் பருமனாக இழுத்து அளவுக்குக் கொண்டுவந்தாலும் தடைச் சோதனையில் அது தோற்கும்.

இந்த எண்களின் பொருள் வீட்டில் தெரியும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். டிபி எனப்படும் மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து குளியலறை 30 மீட்டர் என்றால், போக வர 60 மீட்டர். 1.5 ஒயர் இழுத்திருந்தால் சுமார் 60 வாட் வெப்பம் பைப்புக்குள்ளேயே வெளியாகும், 2.5 இழுத்திருந்தால் சுமார் 36 வாட். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சூடு, ஆண்டுக்கணக்கில் காப்பை இறுகவைத்து விரிசல்விட வைக்கிறது. சாதாரணப் பிவிசி காப்பு, தொடர்ந்து தாங்கும் வெப்பநிலை 70 டிகிரி. புதைவடங்களில் பயன்படும் எக்ஸ்எல்பிஇ எனப்படும் வேறுவகைப் பிளாஸ்டிக் காப்புக்கு 90 டிகிரி.

ஒயரின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எஃப்ஆர், அதாவது ஃபிளேம் ரிடார்டன்ட், என்பதுதான். கடைக்காரர்களே அதைத் "தீப்பிடிக்காத ஒயர்" என்று சொல்லி விற்கிறார்கள். அது தீப்பிடிக்கும். சுடர் பரவுவதைத் தடுப்பது மட்டுமே அதன் பண்பு. காற்றில் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. எஃப்ஆர் காப்பு தொடர்ந்து எரிய வேண்டுமானால் குறைந்தது 29 விழுக்காடு வேண்டும் என்று தரம் வரையறுக்கிறது. அதனால் நெருப்பை விலக்கியதும் தானே அணைந்துவிடும். ஆனால் எரியும்போது கறும்புகையும், மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடும் வரும். அவற்றைக் கட்டுப்படுத்துவதே எஃப்ஆர்எல்எஸ்எச் எனப்படும், புகையும் அமில வாயுவும் குறைந்த வகை. அதில் வெளியாகும் அமில வாயு, காப்பின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நெருப்புக்கு நடுவிலும் குறிப்பிட்ட நேரம் மின்சாரம் கடத்த வேண்டிய இடங்களுக்கு மைக்கா நாடா சுற்றிய கேபிள் தனியே இருக்கிறது. "எஃப்ஆர் போட்டாச்சு, எம்சிபி எதுக்கு?" என்று ஒரு வீட்டுக்காரர், மின்னோட்டம் மிகும்போது தானே துண்டிக்கும் ஸ்விட்சைப் பற்றி என்னிடம் கேட்டது, அந்த ஒரு தவறான மொழிபெயர்ப்பால்தான்.

நிறங்களும் ஒருவகைக் கலைச்சொற்களே. நம் மூன்று பேஸ் ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ் (மின்சாரம் வரும் கம்பி), கருப்பு நியூட்ரல் (திரும்பும் கம்பி), பச்சை எர்த். சாதனங்களோடு வரும், உள்ளே மூன்று கம்பிகள் கொண்ட மின்கயிற்றிலோ பழுப்புதான் பேஸ், நீலம் நியூட்ரல். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், நீட்டிப்புக்காக அத்தகைய கயிற்றை எடுத்து, நீலத்தை நீலத்தோடு, அதாவது கட்டடத்தின் பேஸைக் கயிற்றின் நியூட்ரலோடு, இணைத்திருந்ததை டெஸ்டர் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அப்படியே விட்டிருந்தால், சாதனத்தின் ஸ்விட்சை அணைத்த பிறகும் அதன் உட்பகுதி முழுவதும் பேஸ் நின்றிருக்கும்.

முதலாளியின் இரண்டாவது பிழைக்கு வருகிறேன். 7/20இன் பரப்பைக் கணக்கிட்டால் 4.59 சதுர மில்லிமீட்டர் வரும். இன்றைய வரிசையில் அதற்கு நேரான அளவு கிடையாது; 4 இருக்கிறது, அடுத்து 6. நாலைப் போட்டால் அப்பா போட்டதைவிடச் செம்பு ஏறத்தாழ 13 விழுக்காடு குறையும். 3/20க்கும் இதே சங்கடம்: அது 1.97, நமக்குக் கிடைப்பது 1.5 அல்லது 2.5. மாற்று அட்டவணையைப் பார்த்து அருகில் உள்ள எண்ணைப் போடுவதற்கு முன், அந்த ஒயர் இனிமேல் எதைச் சுமக்கப்போகிறது என்று பார்க்க வேண்டும். 1979இல் பின்கட்டில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஒரு கிரைண்டரும் இருந்தன. இப்போது அங்கே ஏசியும் கீசரும் இன்டக்‌ஷன் அடுப்பும் வருகின்றன.

கடை மேசையிலேயே புதிய பட்டியலை எழுதினேன்: மெயினுக்கு 6 சதுர மில்லிமீட்டர், ஏசிக்கும் அடுப்புக்கும் 4, கீசருக்கும் மற்றப் பவர் பிளக்குகளுக்கும் 2.5, விளக்குக்கு 1.5, எல்லாம் எஃப்ஆர்எல்எஸ்எச், 90 மீட்டர் காயில்கள். இளைஞர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஆறு எம்எம் எத்தனை காயில்ணா?" என்று கேட்டார். அப்பாவின் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஒரு வட்டத்தையும் அதைச் சுற்றி ஆறு வட்டங்களையும் வரைந்து, விட்டத்திலிருந்து பரப்பை எப்படிக் கணக்கிடுவது என்று அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.