இருபது டிகிரி

பெங்களூருவின் தொழிற்பேட்டையான பீன்யாவில் எந்த மெஷின் ஷாப்புக்குள் நுழைந்து கேட்டாலும், நேற்றுச் சேர்ந்த ஐ.டி.ஐ. பையன்கூடச் சொல்லிவிடுவான்: சூடானால் அலுமினியம் விரியும். ஸ்டீலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்றும் சேர்த்துச் சொல்வான். பரீட்சையில் எழுதிய விஷயம். அவன் அளந்து ஓகே போட்ட அலுமினிய ஜாப் (மெஷினில் செய்த பாகம்) ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தால், காரணம் பெரும்பாலும் அதே விஷயமாகத்தான் இருக்கும்.

பெங்களூருவில் இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை, விஷயம் தெரியாமல் கெட்ட ஜாப்கள் குறைவு. தெரிந்தது சமயத்துக்குக் கைக்கு வராமல் கெட்டவைதான் அதிகம்.

ஒரு பட்டறையில் நடந்தது இது. அலுமினிய ஹவுசிங் (உறைபோன்ற பாகம்), நடுவில் 150 மில்லிமீட்டர் போர், அதாவது வட்டத் துளை. ட்ராயிங்கில் எச்7 என்று இருந்தது. அதாவது 150-க்குக் குறையக் கூடாது, 40 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் கூடவும் கூடாது. மெஷினிலிருந்து இறக்கிய கையோடு துளையை அளக்கும் போர் கேஜை விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் டாலரன்ஸின், அதாவது அந்த 40 மைக்ரான் வரம்பின், நடுவில் அழகாக நின்றது. ரிப்போர்ட் சுத்தம். வாடிக்கையாளரின் ஏசி அறையில் சிஎம்எம் என்கிற துல்லிய அளவை மெஷினில் ஏற்றினால் மொத்த லாட்டும் அளவு குறைந்து அண்டர்சைஸ்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும்; ஸ்டீல் 11 அல்லது 12. ட்ராயிங்கில் இருக்கிற அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை; 1931-இலேயே சர்வதேச அளவில் முடிவான சங்கதி. கட்டிங் முடிந்து வரும் ஜாப் 38 டிகிரியில் இருக்கிறது, கேஜைச் சரியான அளவுக்கு செட் செய்ய வைத்திருக்கும் ஸ்டீல் ரிங் மேசைமேல் 28-இல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 20-க்கு இறங்கும்போது போர் 62 மைக்ரான் சுருங்கும், ரிங் 14 மைக்ரான்தான். வித்தியாசம் 48. டாலரன்ஸே 40. நடுவில் நின்றதெல்லாம் எங்கே போகும்?

ரிஜெக்‌ஷன் மீட்டிங்கில் குவாலிட்டி இன்ஜினியர் இதைப் போர்டில் ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ட்ரெயினிங் கொடுப்பது என்று முடிவானது. எனக்கு இந்த ட்ரெயினிங்குகள்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ப்ரொஜெக்டர் ஓடும், கையெழுத்துத் தாள் சுற்றும், சமோசா வரும், ஏற்கெனவே தெரிந்தது மறுபடி ஒருமுறை தெரியும். அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் 'வெப்பநிலை' என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். மூன்று ஷிஃப்ட்காரர்களும் அதில் தவறாமல் 20 என்று எழுதினார்கள். தெர்மாமீட்டர் வாங்கவே இல்லை என்பது ஆடிட் வந்தபோதுதான் வெளியே வந்தது.

அங்கே இன்ஸ்பெக்டராக ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருந்தார். எல்லோருக்கும் அண்ணன். டிப்ளமோ படித்தவர், போர்டில் போட்ட கணக்கு அவருக்கும் அத்துப்படி. யார் ஜாப் கொண்டுவந்தாலும் கேஜைத் தொடுமுன் ஜாப்மேல் உள்ளங்கையை வைப்பார், அடுத்து ரிங்மேல். கை தெர்மாமீட்டர் அல்ல என்று அவருக்கும் தெரியும். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கிறதா என்ற கேள்வியை நினைவுபடுத்திக்கொள்ளத்தான் அந்தப் பழக்கம். "இன்னும் ஆறல கண்ணு. ரெண்டையும் ஒரே மேசையில வெச்சுட்டுப் போயி டீ குடிச்சுட்டு வா" என்பார்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது அவர் கவலைப்படாத இடங்கள். லாட் திரும்பி வந்த பயத்தில், இனி எல்லா ஜாப்பும் ஏசி அறையில் ஆறிய பிறகே அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அறையோ சின்னது, வெளியே ட்ராலிகள் வரிசைகட்டின. அண்ணன் ஸ்டீல் ஷாஃப்ட்டுகளை மட்டும் தனியே ஒதுக்கி, ஷாப்புக்குள்ளேயே, மதியம் 32 டிகிரியில் அளந்து அனுப்பிவிட்டார். மைக்ரோமீட்டரும் ஸ்டீல், ஜாப்பும் ஸ்டீல். இரண்டும் பக்கத்தில் கிடந்து ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் விரிவதும் ஒன்றுபோல, சுருங்குவதும் ஒன்றுபோல. ஏசி எதற்கு? 20 டிகிரி என்ற எண்ணை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அது எல்லா ஜாப்புக்கும் சட்டமாகிவிட்டது. அந்த எண் ஏன் வந்தது என்று தெரிந்தவர் அதை எங்கே விடலாம் என்றும் தெரிந்துவைத்திருந்தார்.

ஆபரேட்டர்களிடம் அவர் பாடம் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் முதல் ஜாப்பைச் சூட்டோடு ஒருமுறை, ஆறவைத்து மறுபடி ஒருமுறை அளந்து, இரண்டு அளவையும் மார்க்கரால் ஜாப்மேலேயே எழுதச் சொன்னார். தன் கையால் எழுதிய இரண்டு எண்களுக்கு நடுவே 40 மைக்ரானுக்கு மேல் இடைவெளி இருப்பதைப் பார்த்தவனுக்கு ப்ரொஜெக்டர் தேவைப்படவில்லை. காலை ஷிஃப்டில் ஒரு ஆஃப்செட் (மெஷினில் போடும் அளவுத் திருத்தம்), மதியம் வேறு என்று அவர்களே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து காஸ்ட் அயர்ன் ஹவுசிங் ஒன்று புதிதாக வந்தது. மண்டியாக்காரப் பையன் ஒருவன் அதைத் தள்ளிக்கொண்டு வந்து, பாதி கன்னடமும் பாதி தமிழுமாக அண்ணனிடம் கேட்டான்: காஸ்ட் அயர்னும் ஸ்டீலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதானே விரியும், ரிங்கோடு சேர்த்து இங்கேயே ஆறவைத்தால் போதாதா? இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்த லாட் ஏசி அறைப் பக்கமே போகவில்லை.