ஒரு வருடக் கெடு: அமெரிக்காவில் அசைலம் கேஸ்கள் தேதியில் தோற்கும் விதம்

அமெரிக்காவில் அசைலம், அதாவது புகலிடம், கேட்கிற பலருக்கும் இருக்கிற பயம், ஊரில் நடந்ததை நீதிபதி நம்புவாரா என்பதுதான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சொன்னது அத்தனையும் உண்மை என்று நீதிபதி ஏற்றுக்கொண்ட பிறகும் அசைலம் மறுக்கப்பட்ட வழக்குகள் இருக்கின்றன. நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக.

1996-இல் நிறைவேறிய சட்டம் இந்தக் கெடுவைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இப்படியொரு கெடு இல்லை. 1997 ஏப்ரல் 1 முதல் நாட்கள் எண்ணப்படுகின்றன. ஒருவருக்கு உயிராபத்து இருக்கிறதா என்பதற்கும் அவர் எந்த மாதம் படிவம் அனுப்பினார் என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சித்திரவதை பட்டு வந்தவர்களால்தான் முதல் வருடத்தில் வாய் திறந்து பேச முடிவதில்லை; இந்த விதி அதிகம் அடிப்பதும் அவர்களைத்தான். இது அநியாயமான விதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இருக்கிற சட்டத்துக்குள்தான் கேஸ் நடத்த வேண்டும். அதனால் தேதியை இரண்டாவது கேஸாகவே நினைத்து, அதற்கென்று தனியாக ஆதாரம் சேர்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. அசைலம் மனுவான ஐ-589 படிவத்தைத் தபாலில் போட்ட நாளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் மனு போட்ட நாள். கெடு முடியும் நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலைநாள் வரை அவகாசம் உண்டு. கெடுவுக்குள் அனுப்பி, அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்திருந்தால், அனுப்பிய நாளைத் தெளிவான ஆவணத்தால் நிரூபித்து அதையே மனு நாளாக ஏற்கும்படி கேட்கலாம். ஆகவே கூரியர் ரசீதையும் டிராக்கிங் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் அந்தச் சலுகையை நம்பிக் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

எந்த வருகையிலிருந்து எண்ணுவது என்பதிலேயே நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. சட்டத்தில் இருப்பது "கடைசியாக வந்த நாள்". குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2008-இல் இதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டது: வெளிநாடு போய்த் திரும்பியவருக்குத் திரும்பிய நாளே கணக்கு. நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்களுக்கான இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-லேயே வேறு மாதிரி சொல்லியிருந்தது. குடிவரவுத் துறை முன்கூட்டியே கொடுத்த அனுமதியில் சில நாட்கள் வெளியே போய்த் திரும்பினால், கணக்கு புதிதாகத் தொடங்காது என்பது அதன் தீர்ப்பு. ஆக, ஒரே பயணம் ஒரு மாநிலத்தில் கேஸைக் காப்பாற்றும், இன்னொரு மாநிலத்தில் காப்பாற்றாது. கெடுவை நீட்டிக்கவே ஒரு பயணம் போய் வந்ததாகத் தெரிந்தால் வாரியமும் அதை அனுதாபத்தோடு பார்க்காது.

வந்த நாளை நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. அதற்குச் சட்டம் கேட்பது "தெளிவான, ஐயமகற்றும் சான்று". விமானத்தில் விசாவோடு வந்தவருக்கு பாஸ்போர்ட் முத்திரையும் ஐ-94 என்ற வருகைப் பதிவும் போதும். எல்லையை நடந்து கடந்தவரிடம் அவை இருக்காது. அவர் அமெரிக்காவுக்குள் வந்த நாளைத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. மனு போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒரு நாளில் வேறு நாட்டில் இருந்ததைக் காட்டினாலும் போதும். மருத்துவமனைச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, பஸ் டிக்கெட், தேதியோடு இருக்கும் படம், கூட இருந்தவரின் சத்தியக்கடதாசி எல்லாம் உதவும். வழியில் தூக்கி எறியப்படுகிற காகிதங்கள் இவைதான்.

எங்கே மனு போடுவது என்பதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். குடிவரவு நீதிமன்றத்தில் கேஸ் திறக்கப்படாதவர் குடிவரவுச் சேவைத் துறையான யூஎஸ்சிஐஎஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். திறக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் கையில் இருந்தும், அதிகாரிகள் அதை நீதிமன்றத்தில் பதியாமல் விட்டிருந்தால், மனு இரண்டு பக்கமும் அலையும். நோட்டீஸில் இருக்கும் ஏ-நம்பரை (குடிவரவுத் துறை ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) வைத்து நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியிலோ இணையதளத்திலோ கேஸ் ஏறிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. எல்லையில் பிடிபட்டு, அதிகாரியிடம் பயத்தைச் சொல்லி, நம்பகமான பயம் இருப்பதாக நேர்காணலில் தேறியவர்கள், தாங்கள் அசைலம் கேட்டாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நேர்காணல் மனு ஆகாது. ஐ-589 கொடுத்தால்தான் மனு. இப்படிக் கெடுவைத் தவறவிட்டவர்கள் சார்பில் வாஷிங்டன் மாநிலத்தில் தொடுத்த கூட்டு வழக்கில், 2018 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அரசைக் கண்டித்தது. கெடுவைப் பற்றி எழுத்தில் அறிவிக்காததும், அதற்குள் தாக்கல் செய்ய ஒழுங்கான வழி ஏற்படுத்தாததும் தவறு என்றது. 2020-இல் சமரசம் ஏற்பட்டது. அந்தக் காலகட்டத்தில் வந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. இப்போது வருகிறவர்கள் அதை நம்பி இருக்க முடியாது.

2025 ஜூலையில் வந்த சட்டம் ஐ-589-க்கு முதன்முறையாகக் கட்டணம் வைத்தது: மனுவுக்கு 100 டாலர், நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இன்னொரு 100 டாலர், அதோடு விலைவாசிக்கேற்ற உயர்வு. கட்டணமில்லாமல் போன படிவம் திரும்பி வரும். திரும்பி வந்த படிவத்தால் கெடு காப்பாற்றப்படாது. காலியாக விட்ட கட்டங்களும் ஆபத்தானவை. பொருந்தாத கேள்விக்குப் பொருந்தாது என்றே எழுதுங்கள். சட்டரீதியாகப் போதாத மனுக்களை விசாரணை இல்லாமலே தள்ளலாம் என்று குடிவரவு நீதிபதிகளுக்கு 2025 ஏப்ரலில் ஒரு குறிப்பாணை போனது. அதனால், முதலில் படிவத்தைப் போடு, விவரம் பிறகு பார்க்கலாம் என்ற பழைய ஆலோசனை இன்று பாதிதான் சரி. கெடுவுக்குள் போடத்தான் வேண்டும். ஆனால் யார் துன்புறுத்தினார்கள், ஏன், இனமா மதமா அரசியலா என்பது அந்த முதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். ஆதாரங்களைப் பின்னால் சேர்க்கலாம்.

கெடு போய்விட்டால் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று மாறிய சூழ்நிலை: ஊரில் ஆட்சி மாறியது, மனுதாரர் மதம் மாறினார், இங்கே அரசியலில் இறங்கினார், பெற்றோர் மனுவில் இருந்த பிள்ளைக்கு 21 வயதாகி வெளியே வந்தது போன்றவை. மற்றது அசாதாரணச் சூழ்நிலை: கடும் நோய், பழைய வன்முறையால் வந்த மனப் பாதிப்பு, வக்கீலின் தவறு, செல்லுபடியாகும் விசாவில் இருந்தது போன்றவை.

ஊரில் நிலைமை முன்பே மோசம்தானே, என்ன மாறியது என்று அரசுத் தரப்பு கேட்கும். ஏற்கனவே இருந்த ஆபத்து கூடினாலும் அது மாற்றம்தான் என்று ஆறாவது வட்டார நீதிமன்றம் 2014-இல் ஒரு ஜிம்பாப்வே குடும்பத்தின் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இதற்கு, ஊர் நிலைமை பற்றிய அறிக்கைகளில், அமெரிக்காவுக்கு வந்த வருடத்து அறிக்கையையும் மனு போட்ட வருடத்து அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது கூடியது என்று வரிக்கு வரி காட்ட வேண்டும். மனப் பாதிப்பு என்றால், பொதுவான மருத்துவக் கடிதம் உதவாது. வந்த முதல் வருடத்தில் அந்தப் பாதிப்பு இருந்தது, அதனால்தான் மனு போட முடியவில்லை என்ற இரண்டையும் மருத்துவர் எழுத வேண்டும். வக்கீல்மேல் பழி என்றால், 1988-இல் வாரியம் வகுத்த மூன்று படிகள் உண்டு: நடந்ததை விவரிக்கும் சத்தியக்கடதாசி, அந்த வக்கீலுக்குத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்பு, வக்கீல் சங்கத்தில் புகார் (கொடுக்கவில்லை என்றால் ஏன் என்ற விளக்கம்).

இத்தனையும் நிரூபித்தவர்கள் தோற்கும் இடம் அடுத்தது. காரணம் இருந்தால் மட்டும் போதாது. அது தீர்ந்த பிறகு நியாயமான காலத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும். மாறிய சூழ்நிலை வந்ததும் தானாக இன்னொரு வருடம் கிடைத்துவிடாது என்று வாரியம் 2010-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2000-இல் விதிகளை வெளியிட்டபோது அரசு கொடுத்த விளக்கமோ, ஆறு மாதமும் அதற்கு மேலும் பொதுவாக நியாயமாகாது என்கிறது. மாணவர்கள் மாட்டுவது இங்கேதான். எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு. ஐ-94-இல் முடிவுத் தேதி இல்லாததால், படிப்பை நிறுத்தியதால் விசா நிலை போய்விட்டதைப் பலர் உணர்வதில்லை. எட்டு மாதம் கழித்து வருபவர் அந்த எட்டு மாதத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். மாதவாரியாக ஒரு காலவரிசை எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே ஒரு காகிதம் வையுங்கள். காகிதம் இல்லாத மாதத்தைத்தான் அரசு வக்கீல் பிடிப்பார்.

இந்த விதிவிலக்குகள் பற்றிய முடிவை மேல்நீதிமன்றங்கள் பரிசீலிக்க முடியாது என்று சட்டமே தடுக்கிறது. 2005-இல் வந்த திருத்தம், சட்டக் கேள்விகளுக்கு மட்டும் வழிவிட்டது. ஒப்புக்கொண்ட உண்மைகளுக்குச் சட்டத்தைப் பொருத்திப் பார்ப்பதும் சட்டக் கேள்வியே என்று ஒன்பதாவது வட்டாரம் 2007-இல் சொன்னது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் வேறொரு குடிவரவு வழக்கில் அந்த வழியில் தீர்ப்பளித்தது. இதன் நடைமுறைப் பொருள்: உண்மைகள் முதல் விசாரணையிலேயே முழுதாகப் பதிவாக வேண்டும். பின்னால் வாதாடக் கிடைப்பது அந்தப் பதிவு மட்டும்தான்.

கெடுவில் தோற்றவருக்கு மிஞ்சுவது வித்ஹோல்டிங்கும் (ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் நிறுத்திவைக்கும் பாதுகாப்பு) சித்திரவதைத் தடை ஒப்பந்தப் பாதுகாப்பும். இரண்டுக்கும் கெடு இல்லை. ஆனால் அசைலத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஆபத்து இருந்தாலே போதுமானதாகலாம் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்க, இவற்றுக்கு ஐம்பது சதவீதத்துக்கு மேல் காட்ட வேண்டும். கிரீன் கார்டுக்கு வழியில்லை, மனைவி பிள்ளைகளை அழைக்க முடியாது. சொந்த நாட்டுக்கு அனுப்ப முடியாதே தவிர, வேறு நாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட மூன்றாம் நாட்டு அனுப்புதல்களுக்கு இருந்த இடைக்காலத் தடையை நிறுத்திவைத்தது முதல் இது வெறும் ஏட்டுச் சட்டமாக இல்லை. அசைலம் மனுவே வித்ஹோல்டிங்குக்கும் மனுவாகக் கொள்ளப்படும். சித்திரவதை ஒப்பந்தப் பாதுகாப்புக்கு ஐ-589 முதல் பக்கத்தின் மேலே தனிக் கட்டம் இருக்கிறது. கெடுவுக்குள் போடுகிறவர்களும் அதில் குறியிட்டுவிடுங்கள்.