குதிகால் தூக்குதா?

நாற்பது வயதில், டொராண்டோவில் ஸ்கேட்டிங் வகுப்பு. குளிருக்குப் பயந்து தடித்த கம்பளி சாக்ஸ், வழக்கமான ஷூ சைஸிலேயே ஸ்கேட்ஸ். மூன்று வாரமாகக் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வேறொரு கடையில் ஒரு அம்மா முதலில் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். நின்றபடி நீளம், அகலம் இரண்டையும் அளந்தார். 8 சைஸ் ஷூ போடுகிற எனக்கு ஸ்கேட்ஸ் ஆறரை! நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட்டது. முழங்காலை மடக்கினால் விலகியது.

"குதிகால் தூக்குதா?" மூன்று தடவை கேட்டார். பூட்ஸுக்குள் குதிகால் மேலே எழும்பவில்லை. பிறகு என் கால் வடிவத்துக்குப் படியட்டும் என்று பூட்ஸை ஓவனில் (நிஜமாகவே ஓவன்தான்) சூடாக்கி, மாட்டி, கயிறு கட்டி, கால்மணி நேரம் அசையாமல் உட்காரவைத்தார்.

கம்பளி சாக்ஸ் இப்போது வீட்டில் டிவி பார்க்க.