அந்தப் புள்ள என்னாச்சு?

நேற்று ராத்திரி பதினோரு மணி இரண்டு நிமிடத்துக்கு போன் அடித்தது. ஊரிலிருந்து அகாலத்தில் போன் வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது, ஆனால் வேறு காரணத்துக்கு. கோயமுத்தூரில் அப்போது காலை எட்டரை. அம்மா குளித்து, விளக்கேற்றி, இட்லி சாப்பிட்டு, எங்கள் மணியைக் கணக்குப் போட்டு, என்.பி.சி. டிவியில் இரண்டு மணி நேரமும் முடியட்டும் என்று காத்திருந்து அழைத்திருக்கிறார்.

“என்ன கண்ணு, முடிஞ்சுதா? அந்தப் புள்ளையக் கூட்டியாந்துட்டானா?”

2008 செப்டம்பர் 22, இங்கே அமெரிக்காவில் ஹீரோஸ் மூன்றாவது சீசன் ஆரம்பம். சாதாரண ஆட்களுக்கு அதிசய சக்திகள் வந்துவிடுகிற டிவி தொடர். பேரன் எப்படி இருக்கிறான் என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான்.

போன வருஷம் ஆகஸ்டில் வந்து ஜனவரியில் திரும்பினார் அம்மா. அந்த ஆறு மாதத்தில் இந்த நாட்டில் அவருக்குப் பிடித்தவை இரண்டே இரண்டு. குழாயைத் திருகினால் எந்நேரமும் வெந்நீர். அப்புறம் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஹீரோஸ். முதல் சீசனின் 23 பகுதிகளையும் டிவிடியில் ஓட்டி, வரிக்கு வரி தமிழில் சொன்னவன் நான்தான். செய்த பாவம்.

முதல் பகுதியிலேயே ‘மெட்ராஸ்’ என்று எழுத்துப் போட்டு ஒரு வாத்தியாரைக் காட்டினார்கள். பெயர் மொகிந்தர் சுரேஷ்.

“மெட்ராசுல எந்த ஊட்ல மொகிந்தர்னு பேர் வெக்கறாங்க? சர்தார்ஜி ஊட்டுப் பையனா?”

“இல்லம்மா. அவங்கப்பா பேரு சந்திரா சுரேஷ்.”

“சந்திராங்கறது பொம்பளப் பேரு கண்ணு.”

ஊர் பெயர் 1996-லேயே சென்னை ஆகிவிட்ட செய்தி அமெரிக்க டிவிக்கு எட்டியிருக்கவில்லை. அம்மாவும் மெட்ராஸ் என்றே சொல்கிறவர் என்பதால் அதை மட்டும் மன்னித்தார். அந்தப் பையனுக்குச் செத்துப்போன அக்கா ஒருத்தி உண்டு, பெயர் சாந்தி. இரண்டாவது சீசனில் உலகத்தையே அழிக்கப் போகிற வைரஸுக்கு அவள் பெயரை வைத்தார்கள். அம்மா முகம் சுளித்தார். நோய்க்கு யாராவது சாந்தி என்று பெயர் வைப்பார்களா? அப்புறம் கொஞ்சம் யோசித்து, “சரி, வெச்சா வெச்சுட்டுப் போறாங்க” என்றார். எங்கள் சாந்தி அத்தையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வருஷக்கணக்காக மெகா சீரியல் பார்த்துத் தேறியவர் முன்னால் அந்த இரண்டாவது சீசன் மாட்டிக்கொண்டு பட்ட பாடு இருக்கிறதே. முதல் சீசன் ஒரே கயிறு: நியூயார்க்கில் ஒருத்தன் வெடிக்கப் போகிறான், அதைத் தடுக்க எல்லாரும் ஓடுகிறார்கள். அடுத்ததில் ஆளுக்கொரு திசை. காலத்தைத் தாண்டிப் போகிற ஹிரோ என்ற ஜப்பான்காரப் பையன், 1671-ஆம் வருஷத்து ஜப்பானுக்குப் போனவன், அங்கேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டான். “இந்தப் பையனுக்கு இன்னும் அங்க என்ன வேல?” என்று வாராவாரம் கேட்டார். மாயா என்று ஒருத்தி. கறுப்புக் கண்ணீர் விட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் விழுந்து சாகிறார்கள். “நம்ம சீரியல்ல அழுதா பக்கத்துல இருக்கறவங்க சாவறதில்ல. அதொண்ணுதான் வித்தியாசம்” என்றார். எந்தக் காயமும் தானே ஆறிவிடுகிற பள்ளிக்கூடத்துப் பெண் கிளேரின் ஜன்னலுக்கு வெளியே மிதந்தபடி எட்டிப் பார்க்கிற, பறக்கத் தெரிந்த பையன் வெஸ்டைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஒரு நாள் மொகிந்தர், கிளேரை வளர்த்த அப்பா பென்னட்டைக் கண்ணிலேயே சுட்டுவிட்டான். “நம்மூர்ப் பையன் இப்படிப் பண்ணிட்டானே” என்று அம்மாவுக்கு ஒரே வருத்தம். அந்தப் பகுதி முடிவதற்குள் கிளேரின் ரத்தத்தை ஏற்றிப் பென்னட்டை எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள். வருத்தம் போய்க் கோபம் வந்தது. செத்தவன் எழுந்து வருவான் என்றால் எழவு வீட்டுக்கு எவன் போவான்?

நவம்பரில் இந்தத் தொடரை உருவாக்கிய டிம் கிரிங் ஒரு பேட்டியில் மன்னிப்பு மாதிரி ஒன்று கேட்டார். கதை மெதுவாகப் போய்விட்டது, ஹிரோவை ஜப்பானில் அத்தனை நாள் வைத்திருக்கக் கூடாது, காதல் எடுபடவில்லை, புது ஆட்களைக் கொண்டுவந்த விதம் சரியில்லை. அம்மா அக்டோபரிலேயே சொன்ன நாலும், வரிசை மட்டும் வேறு. ஓடிப்போய்ச் சொன்னேன். பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமல், “நாஞ் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்” என்றார். யாரிடம் சொன்னார்? என்னிடம். நான் என்ன, என்.பி.சி.யில் மேனேஜரா?

அந்த மாதம் 5-ஆம் தேதி ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. டிவிடியிலும் இணையத்திலும் வரும் காசில் தங்களுக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்றார்கள். 24 பகுதி ஓட வேண்டிய சீசன் டிசம்பர் 3-ஆம் தேதி பதினொன்றோடு நின்றுபோனது. எனக்கு எரிச்சல். அம்மாவுக்கு இல்லை. “மில்லு வாசல்ல உங்கப்பா அம்பது நாள் நிக்கல? எழுதறவனும் கூலிக்காரந்தான்.” வீட்டில் அன்றைக்கு நான்தான் முதலாளி வர்க்கம்.

சரி, அந்தப் புள்ள. கெய்ட்லின், அயர்லாந்துக்காரி. கதாநாயகர்களில் ஒருவனான பீட்டர் அவளையும் இழுத்துக்கொண்டு 2008 ஜூனுக்குத் தாவிவிடுகிறான். கொள்ளைநோயில் நியூயார்க் காலியாகக் கிடக்கிறது. கூட்டத்தில் அவளைப் பிரித்துவிடுகிறார்கள். இவன் மட்டும் திரும்பி வந்துவிடுகிறான். இதைக் காட்டியது வேலைநிறுத்தம் தொடங்கிய அதே திங்கட்கிழமை. அதற்குப் பிறகு அவளைக் காட்டவே இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அம்மா நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் அடுக்ககத்தில் வழி தவறியிருந்தார். பதினெட்டுக் கட்டடங்கள், எல்லாம் ஒரே செங்கல் நிறம், ஒரே கதவு. என் ஜாக்கெட்டைப் போட்டு, சாக்ஸோடு செருப்பு மாட்டி, போனில்லாமல் நடக்கப் போனவரை ஒன்றரை மணி நேரம் தேடினோம். பதினோராம் கட்டடத்துத் துணி துவைக்கிற அறையில், ஓடிக்கொண்டிருந்த டிரையர் பக்கத்தில் சூடாக உட்கார்ந்திருந்தார். “தேடுவீங்கன்னு தெரியும். அதான் ஒரே எடத்துல உக்காந்துட்டேன்.”

கெய்ட்லின் தொலைந்த அன்று, “அந்தப் புள்ளைக்கும் யாராச்சும் சொல்லியிருக்கணும்” என்றார். ஊருக்குத் திரும்புகிற அன்று விமான நிலையத்தில் ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவே கடைசியாகச் சொன்னதும் அதுதான்: அவள் வந்தால் போன் பண்ணு.

நேற்று பத்து மாதக் காத்திருப்பு முடிந்தது. நேதனைச் சுட்டது யார் என்றுதானே போன சீசனை விட்டார்கள்? வருங்காலத்திலிருந்து வந்த அவன் தம்பி பீட்டரேதான். ஹிரோ, திறக்காதே என்று செத்துப்போன அப்பா சொன்ன பெட்டகத்தைத் திறக்கிறான். உள்ளே ‘திறக்காதே என்றேனே’ என்று அப்பாவே இன்னொரு வீடியோவில். இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. போன சீசனில் நெருப்பில் மாட்டிய நிக்கியின் முகத்தோடு வேறு பெயரில் வேறொருத்தி வருகிறாள், இரட்டை வேடம். சக்தி என்பது ரேஷன் சர்க்கரை ஆகிவிட்டது, மொகிந்தர் ஊசி போட்டுக்கொண்டு தானும் பலசாலியாகிவிட்டான். இரண்டு மணி நேரத்தில் ஒரு வருஷத்துக் கதையைத் திணித்து, மூச்சு விட இடமில்லை.

“ஊசி போட்டுக்கிட்டானா? படிச்ச பையன் பண்ற வேலையா இது?”

மாயா விஷயத்தைச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்கிற மாதிரி இல்லை அந்தக் காட்சி. ஆனால் கடைசியில் நேதன், பீட்டரைப் பெற்ற ஏஞ்சலா அம்மாள் அந்தக் கொலைகாரன் சைலரிடம், நான்தான் உன் அம்மா என்கிறாள் என்றதும் போனில் ஒரே சிரிப்பு. “அப்படிச் சொல்லு! இனி அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல.”

அப்புறம் மறுபடியும் அதே கேள்வி.

“கூட்டியாந்துட்டான்மா” என்றேன்.

“எப்பங் காட்டுனான்?”

“ஆரம்பத்துலயே. ஒரே நிமிஷம்.”

“இப்ப எங்கிருக்கா?”

“அயர்லாந்துல. அண்ணன்கூட.”

ஒரு நொடி சத்தமில்லை. “அவ அண்ணனத்தான் போன வருசமே கொன்னுட்டாங்களே கண்ணு.”

வியர்த்துவிட்டது. “ஆமாம்மா, அந்த அண்ணன் நடத்துன கடைய இப்ப இவ பாத்துக்கறா.”

“சாராயக் கடையவா? தனியாவா?”

எங்கள் வீட்டு அம்மணி படுக்கையறை வாசலில் நின்று வாயசைத்தாள்: பெரியம்மா, பெரியம்மா.

“பெரியம்மா ஒருத்தங்க கூட இருக்காங்கம்மா.”

“அது போதும். சரி தூங்கு, அங்க ராத்திரி ஆச்சு” என்று வைக்கப் போனவர், “கண்ணு, அடுத்த வாரம் அந்தப் பெரியம்மா பேரக் கேட்டுச் சொல்லு” என்றார்.