டிட்கோ, சிட்கோ, சிப்காட்: இந்தப் பாடம் எனக்குப் பிடிபட்ட விதம்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். பயிற்சித் தேர்வு ஒன்றில், தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சியில் அரசு நிறுவனங்களின் பங்கு பற்றி ஒரு கேள்வி வந்தது. தெரிந்த கேள்விதான் என்று மளமளவென்று எழுதினேன். டிட்கோ, சிட்கோ, சிப்காட் மூன்றும் தொழில் வளர்ச்சிக்காக மாநில அரசு தொடங்கிய கழகங்கள். டிட்கோ 1965, சிட்கோ 1970, சிப்காட் 1971 என்று தொடங்கிய ஆண்டுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. 15-க்கு 4 மதிப்பெண் வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "இதில் நிலம் கொடுப்பது யார், பணம் போடுவது யார்?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் படித்த பிறகும் தெரியவில்லை என்பது அன்றைக்கு ரொம்பவே உறுத்தியது.

'தமிழகத்தில் வளர்ச்சி நிர்வாகம்' என்ற பகுதியைப் பெரும்பாலும் நாம் பெயர்ப் பட்டியலாகத்தான் படிக்கிறோம். பெயர்களும் ஒன்றுபோலவே ஒலிப்பதால் பத்து நாளில் எல்லாம் கலந்துவிடும். எனக்குத் தெளிவு வந்தது புத்தகத்திலிருந்து அல்ல, பெரியப்பா மகன் வீட்டில் நடந்த ஒரு காரியத்திலிருந்து.

அண்ணன் சின்னதாக ஒரு பட்டறை வைக்க, புதிய தொழில்முனைவோருக்கு மானியத்தோடு கடன் கிடைக்கச் செய்யும் மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் விண்ணப்பித்திருந்தார். மாவட்டத் தொழில் மையத்துக்குத் துணைக்குப் போனேன். நாலைந்து மாதங்களில் அவருடைய கோப்பு போன வழியைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. மையம் கடன் கொடுப்பதில்லை. விண்ணப்பத்தைப் பார்த்துப் பரிந்துரைப்பதோடு அதன் வேலை முடிந்தது. கடன் கொடுப்பது வங்கி, இல்லாவிட்டால் டி.ஐ.ஐ.சி. எனப்படும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம். பயிற்சி தருவது தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம். திட்ட மதிப்பில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் என்று தீர்மானித்தது சென்னைச் செயலகத்தில் இருக்கிற குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை. இடையில் தொழில் வணிக ஆணையரகம் இருக்கிறது. மாவட்ட மையத்தின் பொது மேலாளர் அதற்குக் கட்டுப்பட்டவர்.

அன்று இரவு நோட்டில் மூன்று கோடு போட்டேன். மேலே செயலகம்: கொள்கை, அரசாணை, நிதி. நடுவில் ஆணையரகம்: நடைமுறை, கண்காணிப்பு. கீழே மாவட்டம்: விண்ணப்பம், பரிந்துரை. இந்த வரிசைக்குப் பக்கவாட்டில் கழகங்களும் நிறுவனங்களும். வேளாண்மை, கைத்தறி என்று எந்தத் துறையை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கோடுகள்தான். ஒன்றைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றவை பாதி வேலைதான்.

அப்புறம்தான் அந்த மூன்று பெயர்களும் பிரிந்து நின்றன. சிப்காட் பெரிய தொழிற்பூங்காக்களை உருவாக்கி, 99 வருடக் குத்தகைக்கு மனை கொடுக்கிறது. ராணிப்பேட்டை, ஓசூர் எல்லாம் அப்படி வந்தவை. சிட்கோ சிறுதொழில்களுக்கான தொழிற்பேட்டைகளைப் பார்த்துக்கொள்கிறது. டிட்கோ தனியாருடன் சேர்ந்து கூட்டு நிறுவனங்களில் பங்கு முதலீடு செய்கிறது. டாடா குழுமத்தோடு சேர்ந்து டைட்டனைத் தொடங்கியது அதுதான். சென்னையின் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, டிட்கோவும் மாநில அரசின் மின்னணுக் கழகமான எல்காட்டும் சேர்ந்து செய்தது. சிப்காட்டும் டிட்கோவும் தொழில் துறையின் கீழ் வருகின்றன, சிட்கோ மேலே சொன்ன குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையின் (சுருக்கமாகச் சிறுதொழில் துறை) கீழ். ஆக, சிவப்பு மைக் கேள்விக்கு விடை: நிலம் சிப்காட், சிட்கோ, பங்கு முதலீடு டிட்கோ.

இதே முறையில் ஒரு பெரிய தொழிற்சாலையையும் நடத்திப் பாருங்கள். முதலீட்டாளரை அழைத்து வருவது 1992-இல் தொடங்கிய கைடன்ஸ் நிறுவனம். மனை சிப்காட். இசைவு தருவது மாசு கட்டுப்பாட்டு வாரியம், அது சுற்றுச்சூழல் துறையின் கீழ் வருகிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பு தொழிலாளர் துறையிடம், மின்சாரம் எரிசக்தித் துறையிடம். இப்படி அனுமதிகள் பல துறைகளில் சிதறிக் கிடப்பதால்தான், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ஒற்றைச் சாளர முறை தேவைப்பட்டது. 2018-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. 'ஒற்றைச் சாளரம்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாமல், அது ஏன் வந்தது என்று எழுதுங்கள். நான் அப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான் மதிப்பெண் ஏறியது.

அரசியலமைப்பை இங்கே இணைத்தால் விடைக்குக் கனம் கூடும். தொழில் மாநிலப் பட்டியலின் 24-ஆவது இனம். ஆனால் ஒன்றியப் பட்டியலின் 7, 52-ஆவது இனங்களுக்கு உட்பட்டது. எந்தப் பொருள் எந்த அமைச்சருக்கு என்று பகிர்வது அரசியலமைப்பின் 166(3) உறுப்பின்படி வகுக்கப்பட்ட அலுவல் விதிகள். இதற்கு இரண்டு வரி போதும்.

படிக்க வேண்டிய முக்கியமான ஆவணம் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு. துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை சட்டப்பேரவைக்கு வரும்போது ஒவ்வொரு துறையும் இதை வெளியிடுகிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தொழில் துறைக்குக் கோரிக்கை எண் 27, சிறுதொழில் துறைக்கு 44. எடுத்தவுடன் சாதனைப் பக்கங்களுக்குப் போகாதீர்கள். முதலில் பொருளடக்கத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். துறையின் அமைப்பே அதில்தான் இருக்கிறது. நான் மூன்றாவது முறை படிக்கும்போதுதான் இதைக் கவனித்தேன்.

இரண்டு இடங்களில் பலர் வழுக்குகிறார்கள். குறுந்தொழிலின் வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் மாறிவிட்டது: முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. பழைய கைடுகளில் 1 கோடி, 5 கோடி என்றே இருக்கும். இன்னொன்று, 2024 ஜனவரி உலக முதலீட்டாளர்கள் மாநாட்டின் 6.64 லட்சம் கோடி. அது புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் மதிப்பு. 'முதலீடு வந்தது' என்று எழுதினால் தவறு. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கும் ஆலை ஓடுவதற்கும் நடுவில் வருடங்கள் இருக்கின்றன, மேலே சொன்ன அத்தனை துறைகளும் இருக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், கோரிக்கை எண் 44-ஐ, அதாவது சிறுதொழில் துறையின் குறிப்பைச் சொல்வேன். உங்கள் மாவட்டத் தொழில் மையம் அருகில்தான் இருக்கும். குறிப்பில் ஒரு திட்டத்தைப் படித்துவிட்டு நேரில் போய், அதன் விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்று கேளுங்கள். வேலை நெருக்கடி இல்லாத மதிய நேரம் என்றால் பொறுமையாகச் சொல்வார்கள்.